பத்மநாதன் ஆறவிட்ட காணி

பஹ்ரைனின் குதைபியாவில் விடிகாலை ஐந்தரை மணிக்குக் கம்பனி பஸ்ஸுக்காக நிற்கிறவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஒருவர் பிள்ளையின் படத்தைப் பார்ப்பார். இன்னொருவர் மனைவி அனுப்பிய குரல் பதிவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். பத்மநாதன் பன்றி பார்ப்பார்.

சிரிக்க வேண்டாம். அவரோடு ஒரே ரூமில் கிடந்த தென்காசிக்காரர் அருள்முருகன் மூன்று வருடமாகச் சிரித்தாயிற்று. “அண்ணாச்சி, உங்க பன்னியெல்லாம் சொகமா?” என்பதுதான் அவருடைய காலை வணக்கம். பத்மநாதன் கோபிக்கமாட்டார். யாராவது கேட்கிறார்களே என்று நின்று பதில் சொல்வார். காது கிழிந்தவன் நேற்று வரவில்லை, எட்டுக்குட்டிக்காரியோடு இப்போது ஆறு குட்டிதான் நிற்கிறது என்று விவரமாகவே சொல்வார். அதற்குள் அருள்முருகன் குளியலறைக்குள் போயிருப்பார்.

படங்கள் முல்லைத்தீவுப் பக்கம் நாவலடிக்குளம் என்ற ஊரிலிருந்து வரும். அங்கே பத்மநாதனுக்கு நாலரை ஏக்கர் மேட்டுக்காணி இருந்தது. அவர் யாழ்ப்பாணத்து ஆள், வன்னியில் ஒரு சொந்தமும் கிடையாது. பஹ்ரைனுக்கு வந்த ஒன்பதாவது வருடம், யாரோ சொல்லக் கேட்டு, படத்தைப் பார்த்து வாங்கிய காணி. வாங்கிய பிறகு நாலு தடவை லீவில் போய் வரம்பைச் சுற்றி நடந்திருக்கிறார். ஓர் இரவுகூட அங்கே தங்கியதில்லை, தங்குவதற்கு ஒரு கொட்டிலும் இல்லை. ஆனாலும் விசா முடிந்ததும் அங்கேதான் போவது என்று முடிவு. வேறு போக இடம் இல்லை என்பதுதான் முழு உண்மை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தங்கை கனடாவில். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சொல்லி, எது உண்மைக் காரணம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. வயது ஐம்பத்தேழு.

வேலை, ஏசி திருத்தும் கம்பனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கம்ப்ரசர், கப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், காஸ் சிலிண்டர் எல்லாம் அவர் கையால்தான் வெளியே போகும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். வந்தது, போனது, இருப்பு என்று அதில் மூன்று நிரல். கம்ப்யூட்டர் வந்து பத்து வருடமாகியும் அந்த மனிதர் அட்டையை விடவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொன்ன நாட்களில் அட்டைதான் சரியாக இருந்தது என்று சூப்பர்வைசரே ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெருமையில் வந்த வினைதான் இந்தக் கதை.

காணியைப் பார்த்துக்கொண்டவர் சோலைமுத்து. தகப்பன் காலத்தில் பதுளைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். வேட்டை என்றால் சாப்பாடு வேண்டாம். அவரிடம் ஒன்பது நாய்கள் இருந்தன. முதல் வருடம் நிலக்கடலை போட்டார்கள், அந்தப் பக்கத்துப் பேச்சில் கச்சான். பிடுங்குவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது பன்றி புகுந்து பாதியைத் தின்றது. பத்மநாதன் ஆத்திரத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நாயை இறக்கச் சொன்னார். ஐந்து ஆட்கள், ஒன்பது நாய்கள், ஈட்டி, கயிறு. முதல் மாதம் நாலு பன்றி விழுந்தது. அடுத்த மாதம் ஒன்று. மூன்றாம் மாதம் ஒன்றும் இல்லை. கறுப்பி என்ற பெட்டை நாயின் வயிற்றை, கூட்டம் சேராமல் திரிகிற ஒரு தனியன் பன்றி கிழித்துவிட்டுப் போனதுதான் மிச்சம். சோலைமுத்து அதைத் தைக்கும்போது நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாம். பன்றி முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த போகத்துக் கச்சான் முற்றிய கிழமை பதினாலு பன்றி ஒன்றாக வந்து அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் பத்மநாதன் மனாமாவில் ஒரு கமரா வாங்கிக் கார்கோவில் அனுப்பினார். மரத்தில் கட்டினால், முன்னால் எது அசைந்தாலும் படம் பிடித்துப் போனுக்கு அனுப்பும் கமரா. படத்தின் மூலையில் நேரம் இருக்கும், வெப்பநிலை இருக்கும், அன்றைய நிலவின் வடிவம்கூட இருக்கும். சல்மாபாத் ஸ்டோருக்குள் நாற்பத்துமூன்று பாகையில் நின்றுகொண்டு, அங்கே இருபத்துநாலு என்று பார்க்கும்போது அவருக்கு உடம்பு குளிர்ந்தது.

படங்கள் சொன்ன சங்கதி வேறு. பன்றி எங்கும் போகவில்லை, பழகிக்கொண்டது. ஞாயிறு நாய் இறங்கினால் புதன் வரைக்கும் ஒன்றையும் காணோம். வியாழன் வரும், வழக்கமான தடத்தில் வராது, இருட்டோடு வந்து இருட்டோடு போகும். சனிக்கிழமை மறுபடி மாயம். கிழமைக்கொரு தடவை ஒழுங்காக வேட்டையாடி, பன்றிகளுக்கு நேர அட்டவணை படிப்பித்திருக்கிறோம் என்று பத்மநாதனுக்கு விளங்கியது. மஞ்சள் அட்டையை எடுத்தார். ஒவ்வொரு பன்றிக்கும் ஓர் அட்டை. காது கிழிந்தவன், நொண்டி, எட்டுக்குட்டிக்காரி. வந்தது, போனது, இருப்பு.

மூன்று மாதம் எழுதிப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்டார். காணியைக் குளத்துப் பக்கம், நடு, வீதிப் பக்கம் என்று மூன்றாகப் பிரிப்பது. ஒரு துண்டில் நாய் இறங்கினால் அந்தத் துண்டுக்குப் பிறகு இருபது நாள் ஆறுதல். ஒன்பது நாய் வேண்டாம், மணம் பிடிக்க இரண்டு, மறிக்க ஒன்று போதும். காற்றுக்கு எதிராக இறங்க வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும், வரம்பைத் தாண்டிய பன்றியைத் துரத்தக்கூடாது. சோலைமுத்துவுக்கு இது ஆகவே பிடிக்கவில்லை. பன்றியை ஒருநாளும் நேரில் காணாத மனிதர், கடலுக்கு அந்தப் பக்கம் ஏசிக்குள் இருந்துகொண்டு, பரம்பரை வேட்டைக்காரனுக்கு வேட்டை சொல்லிக் கொடுக்கிறாரே என்ற எரிச்சல்.

“நாய்க்கெல்லாம் லீவு குடுத்துட்டா அதுக சோறு திங்காம இருக்குமாண்ணே?” என்று கேட்டார்.

ஆனால் சட்டம் பலித்தது. ஆறிக் கிடந்த துண்டுக்குப் பன்றி பயமில்லாமல் திரும்பி வந்தது. எங்கே வரும், எப்போது வரும் என்று படம் சொன்னது. நாய் இறங்கிய முக்கால் மணித்தியாலத்தில் ஒரு ஆண் பன்றி விழுந்தது, குட்டிக்காரி தப்பிப் போக விடப்பட்டாள். இரண்டு போகம் கச்சான் முழுசாக வீட்டுக்கு வந்தது. இந்த வெற்றியைப் பத்மநாதன் யாரிடம் சொல்வார்? அருள்முருகனிடம் சொன்னார். அவர் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி என்றார்.

போன வருடம் மாசி மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது.

“பத்மநாதன் அண்ணையோ கதைக்கிறது? நான் நாகவள்ளி. உங்கட காணிக்குக் கிழக்கால இருக்கிறனான். சோலைமுத்தரிட்ட நம்பர் வாங்கினனான்.” குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. “உங்கட பண்டியெல்லாம் இப்ப என்ர மரவள்ளிக்கதான் படுக்குது அண்ணை. நேற்றோட மூண்டு பாத்தி முடிஞ்சுது.”

புருசனை யுத்தத்தின் கடைசிச் சண்டையில் இழந்தவர் அவர். மகளைக் கிளிநொச்சியில் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை ஏக்கரில் தனியாக மரவள்ளியும் மிளகாயும் கச்சானும் செய்துகொண்டிருந்தார். அவருக்கு நாயும் இல்லை, கமராவும் இல்லை. வெளிநாட்டுக்காரரின் காணியில் வேட்டை நடந்த ஒவ்வொரு முறையும் அடுத்த மூன்று நாள் தன் காணி கிண்டப்பட்டதாகச் சொன்னார். தேதிகளையும் சொன்னார். பத்மநாதன் அட்டைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ‘போனது’ என்று அவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்த ஒவ்வொரு நாளும், அங்கே ஒரு பாத்தி போயிருந்தது.

இருபது வருட ஸ்டோர் கீப்பர் விடக்கூடிய பிழைதான் அது. தன் கதவைத் தாண்டிப் போன சாமான் எங்கே போய் இறங்குகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இருப்பு பூச்சியம் என்றால் அவருக்கு நிம்மதி. பத்மநாதன் வெட்கப்பட்டார். அன்று சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்துவிட்டு மூடி வைத்தார்.

பிறகு இரண்டு காணியையும் ஒன்றாக்கிப் புதுச் சட்டம் போட்டார்கள். போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், பாதி நாகவள்ளி சொன்னது. நாயை இனி கிழக்கு வரம்பிலிருந்து இறக்க வேண்டும், அப்போதுதான் பன்றி அவருடைய பக்கம் ஓடாமல் குளத்துப் பக்கம் ஓடும். குளக்கட்டுக்குப் பின்னால் உள்ள பற்றைக்காட்டுக்குள் எந்தக் காலத்திலும் நாய் போகக்கூடாது. “படுக்கிறதுக்கு ஒரு இடமாவது விட்டுக் குடுக்கோணும் அண்ணை, இல்லாட்டி என்ர பாத்திக்கதான் வந்து படுக்கும்” என்றார். பத்மநாதனுக்கு இது தோன்றவேயில்லை. தனக்கே படுக்க ஓர் இரும்புக் கட்டிலின் மேல்தட்டைத் தவிர வேறு இடமில்லாத மனிதருக்கு அது எப்படித் தோன்றும்?

நிலவரம் சொல்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் கதைத்தார்கள். இங்கே எட்டு மணி, அங்கே பத்தரை. அருள்முருகன் துணி தோய்க்கப் போயிருக்கும் நேரம். தடம் எங்கே, கிண்டிய இடம் எங்கே என்று அவர் சொல்வார், படத்தில் எது வந்தது என்று இவர் சொல்வார். ஐந்து நிமிடம். பிறகு பத்து நிமிடம். பிறகு பன்றியைப் பற்றிக் கதைத்து முடித்த பின்னும் வைக்காமல் இருந்தார்கள். பஹ்ரைனில் மழை வராதோ, சமையல் யார், கடல் கிட்டவோ என்று அவர் கேட்டார். இருபது வருடத்தில் பத்மநாதனிடம் யாரும் கேட்காத கேள்விகள் இவை. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அரை மணித்தியாலம் கதைத்ததில் நாகவள்ளி ஒரு தடவைகூட ‘அண்ணை’ என்று சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் சொல்லவில்லை. பத்மநாதன் அதைக் கவனித்தார். கவனிக்காமல் இருப்பாரா? அன்று மத்தியானம் கீழே உள்ள கோல்ட் ஸ்டோர் என்கிற சின்ன மளிகைக் கடையில் ஐஸ்கிறீம் வாங்கி, நடைபாதையில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரித் தின்றார்.

அவருடைய விசா தை மாதக் கடைசியில் முடிகிறது. அதற்கு மேல் நீடிக்க வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்தார். மாசியில் கச்சான் பிடுங்கும்போது காணியில் நிற்பது, ஒரு சின்ன வீடு போடுவது, அப்புறம் நாகவள்ளியிடம் ஒரு வார்த்தை கேட்பது. இதைச் சோலைமுத்துவிடம் பாதி சொன்னார், மாசியில் வருகிறேன் என்று மட்டும்.

இதோடு நின்றிருந்தால் எவ்வளவு நல்லது.

புரட்டாதியில் இரண்டாவது கமரா அனுப்பினார். இரண்டு காணிக்கும் நடுவில், நாகவள்ளியின் கிணற்றடிக்குப் போகிற பாதையில் கட்டச் சொன்னார். பன்றி அந்த வழியாகத்தான் கடக்கிறது என்று நாகவள்ளியே சொன்ன இடம். பன்றி கடந்தது. ஆனால் கமராவுக்குப் பன்றி யார், மனிதர் யார் என்று தெரியாது. காலை ஆறு பத்துக்கு நாகவள்ளி மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் கொண்டுபோவதையும் அது படம் பிடித்தது. முதல் நாள் பத்மநாதன் உடனே அழித்தார். இரண்டாம் நாளும் அழித்தார். ஐந்தாம் நாள் பஸ்ஸில் இருந்துகொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். வாளியைப் பிடித்த கை, சரிந்த தோள், ஈரத்தில் ஒட்டிய சேலைக் கரை. அதற்குப் பிறகு அழிக்கவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் செய்தது நல்ல காரியமும் இல்லை. தனிமையில் கிடந்தவர் என்று சொல்லி அதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று தெரியாமல் நடக்கிற ஒரு பெண்ணை அவர் இரண்டரை மாதம் தினமும் காலையில் பார்த்தார். எட்டுக்குட்டிக்காரியின் அட்டைக்குப் பின்புறம் பென்சிலில் நேரங்கள் ஏறத் தொடங்கின. 6.10. 6.15. 6.08.

வெள்ளிக்கிழமை ஒரு தடவை என்பது தினமும் ஒரு தடவை ஆயிற்று, பிறகு காலையும் மாலையும். பன்றி வந்திருக்கிறது கவனம் என்பார். முகில் கூடுகிறது, கச்சானுக்கு வடிகால் வெட்டுங்கோ என்பார். கார்கோவில் பால்மா போயிற்று, டோர்ச் லைட் போயிற்று, சென்ட் போத்தல் போயிற்று. நாகவள்ளியின் பதில்கள் குறுகின. எடுக்கிறதுக்கு முன் மணி நீண்ட நேரம் அடித்தது. வேலை கூடவாக்கும் என்று பத்மநாதன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மார்கழி நடுவில் ஒரு மாலை, கதைக்கிறதற்கு ஒன்றும் இல்லாமல், வாயில் வந்ததைச் சொன்னார். “இண்டைக்குக் காலமை பச்சைச் சட்டை போட்டிருந்தியள். உங்களுக்கு வடிவாயிருந்தது.”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கேறுவது மட்டும் கேட்டது.

“சரி அண்ணை. வைக்கிறன்” என்றார் நாகவள்ளி.

அடுத்த நாள் காலை கிணற்றடிப் பாதையிலிருந்து வந்த படங்களில் இரண்டு முள்ளம்பன்றியும் ஒரு நரியும் இருந்தன. ஆறு பத்துக்கு ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாது, ஆகவே அவர் வேறு வழியால் போகிறார். கமராவுக்குப் பின்னால், பற்றைக்குள்ளால், முள்ளுக்குள்ளால் சுற்றிப் போகிறார். பஸ்ஸில் இருந்த பத்மநாதனுக்கு இது விளங்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு வந்துகொண்டிருந்த ஒன்று ஏன் தடம் மாறும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த மனிதர் அவர்தானே. அட்டையில் எழுதி எழுதிப் படித்தவர். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணீர் வந்தது, துடைத்தார், சல்மாபாத் வந்தது, இறங்கினார்.

அன்று பகல் சோலைமுத்துவுக்கு அழைத்து, கிணற்றடிக் கமராவை உடனே கழற்றச் சொன்னார். ஏன் என்று சோலைமுத்து கேட்டார். பழுது என்றார் பத்மநாதன். நேற்றுக்கூட நல்லாத்தானே வேலை செஞ்சது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கழற்றினார். கடைசியாக வந்த படத்தில் சோலைமுத்துவின் உள்ளங்கை முழுத் திரையையும் மறைத்திருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் பாதையின் ஒரு துண்டு தெரிந்தது. பத்மநாதன் அதையும், சேர்த்து வைத்திருந்த எழுபத்தொரு படங்களையும் ஸ்டோரில் நின்றபடியே அழித்தார். அட்டையின் பின்புறத்தை ரப்பரால் அழித்தார், அட்டை கிழிகிற வரைக்கும்.

பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். ஆறவிட்டார். போன் எடுக்கவில்லை, செய்தி அனுப்பவில்லை. முதல் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அருள்முருகனோடு மீன் சந்தைக்குப் போனார். அண்ணாச்சி சந்தைக்கு வருவது ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை, அருள்முருகன் பன்றியைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாம் வெள்ளியும் போயிற்று. பன்றி என்றால் இருபது நாளில் திரும்பி வருவதைப் படத்தில் பார்த்துவிடலாம். இங்கே பார்ப்பதுதான் குற்றம். நாகவள்ளி பழையபடி அந்தப் பாதையில் நடக்கிறாரா என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும், பத்மநாதனுக்குத் தெரிய வழியில்லை. இப்படியொரு தனிமையை அவர் இருபத்தொரு வருடத்தில் அனுபவித்ததில்லை. முன்பெல்லாம் யாரும் இல்லை என்பதுதான் கவலை. இப்போது ஒருவர் இருந்தார், அவரைத் தானே துரத்திவிட்டார்.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் விசா வேலை பார்க்கிற ஆமிரா கூப்பிட்டாள். பஹ்ரைன்காரப் பெண், இரக்கமுள்ளவள், ஹிந்தியும் இங்கிலீஷும் அரபும் கலந்து பேசுவாள். அவருடைய கடதாசியைக் காட்டி, ரெனியூவா, கலாஸா, நீட்டுவதா முடிப்பதா என்று கேட்டாள். புது ஸ்டோர் கீப்பர் இன்னும் கிடைக்கவில்லை, ஒரு வருடம் நின்றால் முதீர், அதாவது மேனேஜர், சந்தோசப்படுவார், ஆனால் நடுவில் லீவு கிடையாது என்றாள். பத்மநாதன் கதிரை நுனியில் உட்கார்ந்து யோசித்தார். மாசியில் போய் இறங்கினால் என்ன ஆகும்? கமராவுக்கே முள்ளுக்குள்ளால் சுற்றிப் போனவர், ஆளே பக்கத்துக் காணியில் வந்து நின்றால் எங்கே போவார்? நாகவள்ளிக்குப் போக வேறு இடமும் இல்லை. இருபது நாள் காணாது, ஒரு வருடம் ஆறட்டும். அப்படித்தான் அந்த மனிதருக்குக் கணக்கு ஓடிற்று. கையெழுத்துப் போட்டார். ஆமிரா மப்ரூக் என்று வாழ்த்துச் சொல்லி ஒரு பேரீச்சம்பழம் தந்தாள்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்குப் போன் அடித்தது. ஒரு மாதம் அடிக்காத எண். அருள்முருகன் அன்று துணி தோய்க்கப் போகாமல் கட்டிலில் கிடந்தார், பத்மநாதனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நாகவள்ளி பன்றியில்தான் தொடங்கினார். குளக்கட்டுப் பற்றையில் எட்டுக்குட்டிக்காரி மறுபடி குட்டி போட்டிருக்கிறாள், வெளியே வரவில்லை, கச்சான் பக்கம் ஒரு தடமும் இல்லை. பிறகு, “மாசியில வாறியள் எண்டு சோலைமுத்தர் சொன்னவர். கச்சான் பிடுங்க ஆள் காணாது. வந்து நிண்டால் உதவிதான்” என்றார்.

‘அண்ணை’ இல்லை. பத்மநாதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். ஏன் என்று அவர் கேட்டார். பத்மநாதன் தட்டுத்தடுமாறிச் சொன்னார்: தான் அளவுக்கு மிஞ்சிக் கரைச்சல் கொடுத்துவிட்டதாகவும், பன்றி மாதிரித்தான் எல்லாமும், கொஞ்சக் காலம் ஒருவரும் போகாமல் ஆறவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்ததாகவும்.

“நான் என்ன பண்டியே?” என்றார் நாகவள்ளி.

பத்மநாதன் கட்டிலின் கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்தார்.

“கமராவைக் கழட்டினியள். சரி. பழுதெண்டு சோலைமுத்தருக்குச் சொன்னியள். அதுவும் சரி. எனக்கு என்ன சொன்னியள்? ஒரு மாசமாப் போனைப் பாத்துக்கொண்டு இருந்தனான். பண்டிக்குத்தான் வாய் இல்லை, பேசாமல் இருந்து ஆறவிடோணும். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாந்தானே, பிழை விட்டிட்டன் எண்டு.”

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் இவருக்குச் சுகமாக இருந்திருக்கும். ஐம்பத்தேழு வயதில், பனியனோடு, இரும்புக் கட்டிலின் கீழ்த்தட்டில் அருள்முருகனின் இடத்தில் இருந்துகொண்டு பத்மநாதன் அழுதார். பிழை விட்டுவிட்டேன், உங்களைக் கேட்காமல் பார்த்திருக்கக்கூடாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றார். இருபத்தொரு வருடத்தில் அவர் சொல்லி முடித்த மிகக் கடினமான வாக்கியம் அது.

ஓம், இப்ப கேட்டிட்டன் என்றார் நாகவள்ளி. கையெழுத்தை மாற்ற ஏலாதோ என்று கேட்டார். ஏலாது என்றார் பத்மநாதன். அங்கே வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

“எண்டால் அடுத்த மாசிக்கும் கச்சான்தான் போடுவன். பிடுங்க வாங்கோ.”

அந்த வாக்கியத்திலும் ‘அண்ணை’ இல்லை. பத்மநாதன் போனை வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தார். கீழே கோல்ட் ஸ்டோர்க்காரன் தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். இந்த மாசிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அடுத்த மாசிக்குப் பதின்மூன்று மாதம்.